யாரை யார் இறக்குவது? பதவிநீக்கம் பற்றி அரசமைப்பு சொல்வதும் நடப்பதும்

2025 ஏப்ரல் 25. உதகை ஆளுநர் மாளிகையில் துணைவேந்தர்கள் மாநாடு. கூட்டியவர் அன்றைய ஆளுநர் ஆர்.என்.ரவி. தொடங்கி வைத்தவர் அன்றைய குடியரசு துணைத் தலைவர் ஜகதீப் தன்கர். மாநிலப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களில் பெரும்பாலோர் வரவில்லை என்பதுதான் மறுநாள் செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. என் கண்ணில் பட்டது வேறு ஒன்று. மேடையில் இருந்த அந்த இருவரையுமே பதவியிலிருந்து இறக்க அதற்கு முன்பே முயற்சி நடந்திருந்தது. இரண்டும் இரு வேறு வழிகளில் போய், இரண்டுமே பாதியில் நின்றன.

ரவியைத் திரும்பப் பெறக் கோரி திமுக கூட்டணி எம்.பி.க்கள் 2022 நவம்பரில் குடியரசுத் தலைவரிடம் மனு கொடுத்தார்கள். கவனியுங்கள், அது மனுதான். தீர்மானமோ நோட்டீஸோ அல்ல. ஆளுநரை நீக்க எந்தச் சபையிலும் தீர்மானம் கொண்டுவர அரசமைப்பில் இடமில்லை. தன்கர் விஷயத்தில் இடமிருந்தது. 2024 டிசம்பர் 10 அன்று எதிர்க்கட்சி எம்.பி.க்கள் சுமார் 60 பேர் மாநிலங்களவையில் நோட்டீஸ் கொடுத்தார்கள். ஒரு குடியரசு துணைத் தலைவருக்கு எதிராக அப்படி நோட்டீஸ் வந்தது அதுவே முதல் முறை. ஆனால் விதிப்படி 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். கூட்டத்தொடரோ டிசம்பர் 20 அன்று முடிகிறது. இதைக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லி மாநிலங்களவைத் துணைத் தலைவர் ஹரிவன்ஷ் நோட்டீஸைத் தள்ளுபடி செய்தார்.

பதவிநீக்கம் என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் நம் அரசமைப்பு ஆளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. எந்த நாற்காலிக்கு எந்த வழி என்று பார்த்தால், அதை எழுதியவர்கள் யாரை நம்பினார்கள், யாருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று நினைத்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

மேலிருந்து வருவோம். குடியரசுத் தலைவரை நீக்குவது பிரிவு 61. காரணம் ஒன்றே ஒன்று: அரசமைப்பை மீறுதல். எது மீறல் என்று எங்கும் வரையறுக்கவில்லை. குற்றச்சாட்டை எந்த அவையும் கொண்டுவரலாம். அந்த அவையின் மொத்த உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டு 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பிறகு மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு. அன்று யார் வந்திருக்கிறார்கள் என்பதல்ல கணக்கு, மொத்தப் பலம்தான். 543 பேர் கொண்ட மக்களவை என்றால் 362 ஓட்டு. அதோடு முடியாது. இன்னொரு அவை விசாரிக்க வேண்டும், அங்கும் அதே மூன்றில் இரண்டு. அந்த விசாரணையில் குடியரசுத் தலைவர் தானே வரலாம், வழக்கறிஞரையும் அனுப்பலாம். இதில் ஒரு விசித்திரம் உண்டு. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது உதகை, குன்னூர், கூடலூர் எம்.எல்.ஏ.க்களுக்கும் ஓட்டு உண்டு, நியமன எம்.பி.க்களுக்கு இல்லை. நீக்கும்போது எம்.எல்.ஏ.க்களுக்கு வேலையே இல்லை, நியமன எம்.பி.க்களுக்கு ஓட்டு உண்டு. இதுவரை எந்தக் குடியரசுத் தலைவர் மீதும் இந்தப் பிரிவு பயன்படவில்லை. அமைச்சரவை சொல்வதைக் கேட்டுத்தான் அவர் நடக்க வேண்டும் என்று இருக்கும்போது, அவரை நீக்குமளவுக்குச் சண்டை எங்கிருந்து வரும்?

குடியரசு துணைத் தலைவருக்கு இவ்வளவு பாடில்லை. மாநிலங்களவையின் அப்போதைய உறுப்பினர்களில் பெரும்பான்மையும், மக்களவையின் ஒப்புதலும் போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நீதிபதிகள். நம் ஊர்ப் பேச்சில் பதவிநீக்கம் என்றால் இதுதான். 2025 டிசம்பரில் திருப்பரங்குன்றம் தீபம் விவகாரத்தில், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதனுக்கு எதிராக எதிர்க்கட்சி எம்.பி.க்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு மக்களவை சபாநாயகரிடம் நோட்டீஸ் கொடுத்தார்கள். கொடைக்கானல் மலையில் நிலத் தகராறு என்றாலும் கட்டட வழக்கு என்றாலும் போய் நிற்பது அந்த மதுரைக் கிளையில்தான். அதனால் அந்தச் செய்தி இங்கே ரொம்பவே பேசப்பட்டது. ‘எம்.பி.க்கள் கையெழுத்துப் போட்டாச்சு, அப்புறம் என்ன, போய்விட வேண்டியதுதானே?’ என்று கேட்டவர்களும் உண்டு. அவ்வளவு சுலபமில்லை.

பிரிவு 124(4) சொல்லும் காரணங்கள் இரண்டு: நிரூபிக்கப்பட்ட தவறான நடத்தை, அல்லது இயலாமை. உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கும் இதே வழியைத்தான் பிரிவு 218 காட்டுகிறது. ‘நிரூபிக்கப்பட்ட’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தீர்ப்பு பிடிக்கவில்லை என்பது மட்டும் காரணமாகாது. அதற்கு மேல்முறையீடு இருக்கிறது. நடத்தையில் தவறு என்றால், அதை யார் நிரூபிப்பது? 1968-ஆம் ஆண்டின் நீதிபதிகள் விசாரணைச் சட்டம் அதைச் சொல்கிறது. மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையெழுத்திட்ட நோட்டீஸ் வேண்டும். மக்களவை சபாநாயகரோ மாநிலங்களவைத் தலைவரோ அதை ஏற்க வேண்டும். ஏற்றால் மூவர் குழு: உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி ஒருவர், சட்ட வல்லுநர் ஒருவர். குழு குற்றச்சாட்டுகளை எழுத்தில் வகுக்கும். நீதிபதி எதிர்வாதம் செய்யலாம், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். குற்றமில்லை என்று குழு சொன்னால் கதை முடிந்தது, நாடாளுமன்றம் ஓட்டெடுக்கவே முடியாது. குற்றம் என்றால் இரு அவைகளிலும், ஒரே கூட்டத்தொடரில், இரட்டைப் பெரும்பான்மை வேண்டும்: மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், அதோடு வந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு.

இந்த இரட்டைப் பெரும்பான்மையின் அருமை 1993 மே மாதம்தான் தெரிந்தது. அந்த வழக்கின் நாயகர் நம் தமிழ்நாட்டுக்காரர், உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ராமசாமி. அதற்கு முன் அவர் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தபோது வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் அரசுப் பணத்தைத் தாராளமாகச் செலவிட்டார் என்பது குற்றச்சாட்டு. 108 எம்.பி.க்கள் கையெழுத்திட்டார்கள், சபாநாயகர் ரபி ராய் 1991-இல் ஏற்றார். நீதிபதி பி.பி.சாவந்த் தலைமையிலான குழு 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபணமானதாகச் சொன்னது. மக்களவையில் அவருக்காக வாதாடியவர் கபில் சிபல். ஓட்டெடுப்பில் ஆதரவு 196. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் காங்கிரஸ் உறுப்பினர்கள் உட்பட 205 பேர் யாருக்கும் ஓட்டுப் போடாமல் இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு என்ற நிபந்தனை நூறு சதவீதம் நிறைவேறியது. மொத்தப் பலத்தில் பாதிக்கு மேல், அதாவது 270-ஐத் தாண்டிய எண்ணிக்கை வரவில்லை. தீர்மானம் தோற்றது. ஒருவர்கூட அவரை நல்லவர் என்று ஓட்டுப் போடவில்லை. அவர் 1994-இல் முறைப்படி ஓய்வு பெற்றார். வாய்மூடி இருப்பதும் ஒரு ஓட்டுதான் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சம்பவம் நம் நாடாளுமன்ற வரலாற்றில் எனக்குத் தெரிந்து இல்லை.

அதற்குப் பிறகு வந்தவர்கள் வேறு வழியைக் கற்றுக்கொண்டார்கள். கொல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி சௌமித்ர சென்னை நீக்க 2011 ஆகஸ்ட் 18 அன்று மாநிலங்களவை 189 ஓட்டுகளோடு தீர்மானம் நிறைவேற்றியது. மக்களவைக்கு வருவதற்கு முன்பே அவர் ராஜினாமா செய்துவிட்டார். அதே ஆண்டு ஜூலையில் பி.டி.தினகரன், இவரும் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தவர்தான், விசாரணைக் குழு தன் வேலையை முடிக்கும் முன்பே விலகினார். திருவள்ளூர் மாவட்டம் காவேரிராஜபுரத்தில் நில ஆக்கிரமிப்பு என்பது அவர் மீதிருந்த குற்றச்சாட்டுகளில் முக்கியமானது. ராஜினாமா செய்துவிட்டால் ஓய்வூதியம் தப்பிக்கும். நாடாளுமன்றம் நீக்கினால் தப்பிக்காது. ஆக, பிரிவு 124(4) வழியாக இதுவரை முழுதாக வெளியே போன நீதிபதி ஒருவரும் இல்லை. அந்தப் பிரிவு செத்துவிட்டது என்பதல்ல இதன் பொருள். நீக்கிவிடுவார்கள் என்ற பயம் நீக்கத்தின் வேலையைச் செய்துவிடுகிறது. குற்றம் பதிவாகாமல் போவதுதான் இதில் உள்ள நஷ்டம்.

இத்தனை படிகளில் எது முக்கியம் என்று கேட்டால், இறுதி ஓட்டெடுப்பு என்று நான் சொல்ல மாட்டேன். சபாநாயகரோ அவைத் தலைவரோ நோட்டீஸை ஏற்பதுதான். நம் மலைக்கு வருகிறவர்களுக்கு இ-பாஸ் போல: வண்டியில் எத்தனை பேர் இருந்தாலும் அது இல்லாமல் சோதனைச் சாவடியைத் தாண்ட முடியாது. 2018-இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி தீபக் மிஸ்ராவுக்கு எதிரான நோட்டீஸை மாநிலங்களவைத் தலைவர் வெங்கையா நாயுடு வாசலிலேயே நிறுத்திவிட்டார். வீட்டில் தீப்பிடித்தபோது எரிந்த பணக்கட்டுகள் கிடந்ததாகச் சர்ச்சையில் சிக்கிய நீதிபதி யஷ்வந்த் வர்மா விஷயத்தில், 146 பேர் கையெழுத்திட்ட நோட்டீஸை 2025 ஆகஸ்ட் 12 அன்று சபாநாயகர் ஓம் பிர்லா ஏற்றார். அமைத்த மூவர் குழுவில் சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியும் இருந்தார். அதே வர்மாவுக்கு எதிராக மாநிலங்களவையில் வந்த இன்னொரு நோட்டீஸைப் பற்றி ஜூலை 21 அன்று அவையில் அறிவித்தவர், அந்த அவையின் தலைவராகவும் இருந்த தன்கர். அன்று மாலையே உடல்நிலையைக் காரணம் காட்டி அவர் ராஜினாமா செய்தார். உதகை மாநாட்டுக்கு வந்துபோய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. நோட்டீஸால் இறங்காதவர் கடிதத்தால் இறங்கினார்.

சபாநாயகர் வழக்கமாக ஆளும் தரப்பைச் சேர்ந்தவராகத்தான் இருப்பார். அவருக்குக் காலக்கெடு எதுவும் சட்டத்தில் இல்லை. எதிர்க்கட்சி கொடுக்கும் நோட்டீஸ் பெரும்பாலும் தூங்குவதற்கும், ஆளும் கட்சி சேர்ந்துகொண்டால் ஓடுவதற்கும் இதுதான் காரணம். அதே சமயம், நீதிபதிகளைப் பற்றிச் சபைகளில் வாய்க்கு வந்தபடி பேசவும் முடியாது. பதவிநீக்கத் தீர்மானம் வந்தால் தவிர ஒரு நீதிபதியின் நடத்தையை நாடாளுமன்றம் விவாதிக்கக் கூடாது என்கிறது பிரிவு 121. சட்டப்பேரவைக்கு அந்த விலக்கும் கிடையாது. பிரிவு 211-இன்படி தலைமைச் செயலகத்தில் உட்கார்ந்து எந்த நீதிபதியின் நடத்தையையும் விவாதிக்க வழியில்லை.

இந்தக் கெடுபிடிகள் எதற்கு என்று யோசிப்பவர்கள் கடல் தாண்டிப் பார்க்கலாம். கூடலூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் தாயகம் திரும்பியோர் குடும்பங்கள் நிறைய. அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் தோட்ட லயன்களில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அவர்களுக்கு ஷிராணி பண்டாரநாயக்கவின் கதை தெரிந்திருக்கும். இலங்கையின் தலைமை நீதிபதி. அரசின் மசோதா ஒன்றுக்கு இடையூறாகத் தீர்ப்பு வந்தது, அவர் மீது குற்றச்சாட்டு பாய்ந்தது. விசாரித்தது நீதிபதிகள் குழு அல்ல, நாடாளுமன்றத் தெரிவுக்குழு. அதில் பெரும்பான்மை ஆளும் கட்சி எம்.பி.க்கள். எதிர்க்கட்சியினர் வெளியேறிய பிறகும் விசாரணை முடிந்து அறிக்கை வந்தது. அந்தக் குழுவுக்கு அதிகாரமில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொன்னது. கேட்டார்களா? 2013 ஜனவரியில் 155-க்கு 49 என்று நாடாளுமன்றம் நீக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆட்சி மாறியதும் 2015 ஜனவரியில் அந்த நீக்கமே செல்லாது என்று அவரைத் திரும்ப உட்கார வைத்தார்கள், மறுநாளே ஓய்வு பெற்றார். குற்றம் சாட்டுகிறவரே விசாரித்துத் தீர்ப்பும் எழுதினால் இப்படித்தான். நம் மூவர் குழுவின் மதிப்பு, இலங்கையைப் பார்க்கும்போதுதான் புரிகிறது.

தலைமைத் தேர்தல் ஆணையரையும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரையும் நீக்க உச்ச நீதிமன்ற நீதிபதிக்கான அதே இரட்டைப் பெரும்பான்மை வேண்டும். மற்றத் தேர்தல் ஆணையர்களை நீக்கத் தலைமை ஆணையரின் பரிந்துரை வேண்டும். டிஎன்பிஎஸ்சி உறுப்பினரை நியமிப்பவர் ஆளுநர். ஆனால் நீக்குபவர் குடியரசுத் தலைவர், அதுவும் முறைகேடு என்றால் உச்ச நீதிமன்றம் விசாரித்துச் சொன்ன பிறகு. வரிசையைப் பார்த்தால் புரியும். தீர்ப்பு, தேர்தல், கணக்கு, வேலைத் தேர்வு: அரசுக்குப் பிடிக்காததைச் செய்ய வேண்டிய நேரம் வரும் நாற்காலிகள் எல்லாவற்றுக்கும் இறக்குவதைக் கடினமாக்கி வைத்திருக்கிறார்கள்.

அமைச்சர்களுக்கு இப்படி எதுவும் கிடையாது. பிரதமரோ முதல்வரோ சொன்னால் போதும். நீலகிரித் தொகுதி எம்.பி. ஆ.ராசா 2010 நவம்பரில் 2ஜி விவகாரத்தில் தொலைத்தொடர்பு அமைச்சர் பதவியை விட்டது ராஜினாமா மூலம்தான். 2017-இல் சிறப்பு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது, இடையில் எந்த அவையும் தீர்மானம் போடவில்லை. முதல்வரை இறக்க நம்பிக்கையில்லாத் தீர்மானம் உண்டு. அதற்கும் காரணம் சொல்ல வேண்டாம், எண்ணிக்கை போதும். அமைச்சரை ஆளுநர் தன்னிச்சையாக நீக்கலாமா என்ற கேள்விக்கு, 2023 ஜூன் 29 அன்று செந்தில் பாலாஜியை நீக்கிய உத்தரவை ரவியே சில மணி நேரத்தில் நிறுத்தி வைத்தது ஒரு மாதிரியான பதில்.

முதல்வர் ஒருவர் பதவி இழந்த கதையில் கொடைக்கானலுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கு இந்த மலையில் யாருக்குத்தான் தெரியாது! விதிகளைத் தளர்த்திக் கூடுதல் மாடிகளுக்கு ஜெயலலிதா அரசு அனுமதி கொடுத்ததை எதிர்த்து நீதிமன்றம் போனது பழனி மலைப் பாதுகாப்புக் கழகம். அனுமதி ரத்தானது. அப்புறம் வந்த குற்ற வழக்கில் 2000 பிப்ரவரி 2 அன்று ஜெயலலிதாவுக்கு ஓராண்டுச் சிறை. தர்மபுரியில் பேருந்து எரிக்கப்பட்டு கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் உயிரிழந்தது அன்றுதான். சட்டக் கணக்கில், அந்த ஓராண்டுத் தண்டனை மட்டும் இருந்திருந்தால் அன்றைய விதிப்படி தேர்தலில் நிற்கத் தடை வந்திருக்காது. இரண்டாண்டுக்குக் குறையாத தண்டனை வேண்டும். அந்த அளவைத் தாண்டியது அதே ஆண்டு அக்டோபரில் வந்த டான்சி நில வழக்கின் மூன்றாண்டு. 2001 தேர்தலில் ஆண்டிபட்டி உட்பட நான்கு தொகுதிகளிலும் வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. கட்சி ஜெயித்தது, ஆளுநர் பாத்திமா பீவி அவருக்கு முதல்வராகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். ஆறு மாதத்துக்குள் எம்.எல்.ஏ. ஆனால் போதும் என்பது வாதம். 2001 செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், நிற்கவே தகுதியில்லாதவருக்கு அந்த ஆறு மாதச் சலுகை கிடையாது, நியமனமே செல்லாது என்றார்கள். சபையில் முழுப் பெரும்பான்மை வைத்திருந்த முதல்வர் ஒரே நாளில் இறங்கினார். அந்த நாற்காலிக்கு வந்தவர் கொடைக்கானல் மலையடிவாரத்துப் பெரியகுளத்துக்காரர், ஓ.பன்னீர்செல்வம். இரு வழக்குகளிலும் டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவை விடுவித்தது. 2002 மார்ச்சில் அவர் மீண்டும் முதல்வர்.

பாத்திமா பீவி என்ன ஆனார்? கருணாநிதி நள்ளிரவில் கைது செய்யப்பட்ட விவகாரத்தில் ஆளுநரைத் திரும்பப் பெற மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது, அவர் விலகினார். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி அவர். நீதிபதியாக இருந்தபோது அவரை நீக்க இரு அவைகளும் மூவர் குழுவும் வேண்டியிருந்திருக்கும். ஆளுநர் ஆனபோது டெல்லியில் ஒரு கூட்டம் போதுமானதாக இருந்தது. குடியரசுத் தலைவர் விரும்பும் வரை ஆளுநர் பதவியில் இருப்பார் என்ற பிரிவு 156 அப்படி. பி.பி.சிங்கால் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் கொஞ்சம் கடிவாளம் போட்டது: மத்திய அரசின் கொள்கையோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காகத் தன்னிச்சையாக நீக்கக் கூடாது. ஆனால் மாநிலத்துக்குப் பிடிக்காத ஆளுநர் விஷயத்தில் மாநிலத்துக்குச் சொல்ல எதுவுமில்லை. மாநிலச் சட்டப்பேரவையே ஆளுநரைக் குற்றம் சாட்டி நீக்க வழி செய்யலாம் என்று மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த பூஞ்சி ஆணையம் 2010-இல் பரிந்துரைத்தது. அது நடந்திருந்தால் 2022-இல் மனு கொடுக்கும் வேலை இருந்திருக்காது. என் கணக்கில், இந்த மொத்த அமைப்பில் பெரிய ஓட்டை இதுதான்.

அமைச்சர்கள் பக்கமும் இப்போது இறுக்கப் பார்க்கிறார்கள். 2025 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான 130-வது திருத்த மசோதா, கடும் குற்றச்சாட்டில் தொடர்ந்து 30 நாள் காவலில் இருக்கும் பிரதமரும் முதல்வரும் அமைச்சரும் பதவி இழப்பார்கள் என்கிறது. நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்குப் போன மசோதா அது. தீர்ப்பு வரும் முன்பே, காவலில் வைத்தவர் கையில் பதவிநீக்கம். குழு, குறுக்கு விசாரணை, மூன்றில் இரண்டு என்றெல்லாம் நீதிபதிக்குக் கட்டிய வேலியைப் பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் எனக்கு உறுத்துகிறது.

கடைசியாக நம் ஊர்க் கணக்கு. மாவட்ட ஆட்சியரை மாநில அரசு இடமாற்றம் செய்யலாம், தற்காலிகப் பணிநீக்கமும் செய்யலாம். பணியிலிருந்து விலக்க முடியாது. நியமித்தவருக்குக் கீழானவர் நீக்கக் கூடாது என்கிறது பிரிவு 311. ஐஏஎஸ் அதிகாரியை நியமித்தவர் குடியரசுத் தலைவர். விசாரணை, விளக்கம் கேட்பது எல்லாம் உண்டு. அதே ஆட்சியர், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரை நீக்கலாம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 205. தலைவரிடம் விளக்கம் கேட்பார், திருப்தி இல்லையென்றால் வட்டாட்சியர் ஊராட்சிக் கூட்டம் போட்டு உறுப்பினர்களின் கருத்தைப் பதிவு செய்வார், அதைப் பார்த்துவிட்டு ஆட்சியர் முடிவெடுப்பார். அந்தக் கருத்து அவரைக் கட்டுப்படுத்தாது. மேல்முறையீடு அரசிடம். டெல்லியில் குடியரசுத் தலைவரை இறக்க மக்களவையில் மட்டும் 362 பேர் கை தூக்க வேண்டும். இங்கே தோட்டத் தொழிலாளர்களும் படுகர் ஹட்டிகளும் (ஊர்களும்) ஓட்டுப் போட்டு உட்கார வைத்த தலைவரை இறக்க ஒரே கையெழுத்து.

2025 ஜனவரியில் அந்தக் கையெழுத்துக்கும் வேலை இல்லாமல் போனது. நீலகிரியின் 35 கிராம ஊராட்சிகளிலும் 2019 டிசம்பரில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தலை முடித்திருக்க வேண்டும் என்று பிரிவு 243-இ சொல்கிறது. அதை நடத்தாதவர்களை நீக்க எந்தப் பிரிவும் இல்லை.